உம்ம்ம்ம்... என்று முனகுகிறதா ஆம்ப்ளிபையர்? எடைக்குப் போடும் முன் இதைப் படிங்க!

வீட்டு மெக்கானிக் - 9

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, ஷோகேஸின் அடித்தட்டில் இருந்த ஆம்ப்ளிபையரை ரொம்ப நாளைக்குப் பிறகு ஆன் செய்தேன். பாட்டு வருவதற்கு முன்பே 'உம்ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வந்தது. வால்யூமை முழுசாகக் குறைத்தேன். பாட்டு நின்றது; முனகல் நிற்கவில்லை.

"அஞ்சாறு மாசமாவே அப்படித்தான் கத்துது. எடைக்குப் போட்டுட்டு ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்கலாம்னா, உங்கப்பா கேட்டாத்தானே?" என்றார் அம்மா சமையலறையிலிருந்து.

அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "கண்டன்சர் போயிருக்கும் பாப்பா. மாத்தணும். எனக்கு இப்ப அந்தப் பொடி எழுத்தெல்லாம் தெரியறதில்ல."

அந்த ஆம்ப்ளிபையர் கடையில் வாங்கியதில்லை. 1997-ல் அப்பாவே அசெம்பிள் செய்தது. 4440 ஐ.சி. போர்டு, 12-0-12 டிரான்ஸ்பார்மர், ஒரு தகரப் பெட்டி, ஆசாரியிடம் சொல்லிச் செய்த இரண்டு மரப் பெட்டி ஸ்பீக்கர்கள். தமிழ்நாட்டில் தொண்ணூறுகளைப் பார்த்த பல வீடுகளில் இப்படி ஒன்று இருந்திருக்கும். அப்பாவோ, மாமாவோ, எதிர்வீட்டு அண்ணனோ செய்த செட். அதில் பெரும்பாலானவை இன்று பரணில் கிடக்கின்றன, அல்லது எடைக்குப் போய்விட்டன. பலவற்றில் கெட்டுப்போனது ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசுக்குக் கிடைக்கும் ஒரே ஒரு சாமான்தான்.

சின்ன வயதில் அப்பா பெட்டியைத் திறந்தால் டார்ச் பிடிப்பது என் வேலை. இந்த முறை அப்பா டார்ச் பிடித்தார், நான் திறந்தேன். அந்த ஒன்றரை நாளில் கற்றுக்கொண்டதுதான் இந்த வாரம்.

கண்டன்சர் என்ன வேலை செய்கிறது?

புத்தகத்தில் கெப்பாசிட்டர், மெக்கானிக் வாயில் கண்டன்சர். இரண்டும் ஒன்றுதான். ஆம்ப்ளிபையருக்குள் சின்ன பேட்டரி மாதிரி உருளையாக நிற்குமே, அது எலெக்ட்ரோலைட்டிக் வகை.

வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் ஒரே சீராக வருகிறது என்றால், நடுவில் தொட்டி இருப்பதால்தான். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றாக முன்னும் பின்னும் திசை மாறி மாறி ஓடுவது. டயோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்பியதும், நொடிக்கு 100 தடவை விட்டு விட்டு வரும் துடிப்புகளாகிறது. அந்தத் துடிப்பைச் சேர்த்து வைத்து, ஐ.சி-க்குச் சீராக ஊற்றும் தொட்டிதான் பெரிய ஃபில்டர் கண்டன்சர்.

வயதாக ஆக இந்தத் தொட்டி சுருங்கும். அப்போது துடிப்பு அப்படியே ஸ்பீக்கருக்குப் போய்விடும். நாம் கேட்கும் 'உம்ம்ம்' அந்த 100 துடிப்புதான்.

ஏன் ஒழுகுகிறது?

உருளைக்குள் இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவே ஒரு திரவத்தில் ஊறிய காகிதம். மூன்றையும் பாய் மாதிரி சுருட்டி அலுமினியக் குப்பியில் போட்டு, அடியில் ரப்பர் மூடி வைத்து அடைத்திருப்பார்கள். அந்த ரப்பர் காய்ந்து விரிசல் விட்டால் திரவம் கசியும். கசியாவிட்டாலும், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஆவியாகி உள்ளே உலர்ந்துபோகும்.

இரண்டுக்கும் பெரிய எதிரி சூடு. கண்டன்சரின் உடம்பில் 85°C அல்லது 105°C என்று எழுதியிருக்கும். அந்தச் சூட்டில் இத்தனை மணி நேரம் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு அது. சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் சுமார் இரண்டு மடங்காகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் தோராய விதி.

105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் கண்டன்சரை எடுத்துக்கொள்வோம். பெட்டிக்குள் சூடு 65 டிகிரி என்றால், நாலு தடவை இரட்டிப்பாகி 32,000 மணி நேரம். தினமும் 4 மணி நேரம் பாட்டு கேட்டால் 20 வருடத்துக்கு மேல் வரும். அதே இடத்தில் 85 டிகிரி கண்டன்சர் இருந்தால் 8,000 மணி நேரம்தான். அதாவது ஐந்தரை வருடம்!

வீட்டில் செய்த செட்டுகளில் பெட்டி சின்னதாக இருக்கும், காற்றோட்டம் இருக்காது, ஹீட் சிங்கை ஒட்டியே கண்டன்சர் நிற்கும். சீக்கிரம் போவதற்கு அதுவே காரணம்.

திறக்கும் முன் காதைக் கொடுங்கள்

"மெக்கானிக் முதல்ல காதாலதான் பார்க்கணும்" என்பார் அப்பா. பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

• வால்யூமைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாறாத முனகலா? பவர் சப்ளையில் உள்ள பெரிய ஃபில்டர் கண்டன்சர் மேல்தான் முதல் சந்தேகம்.

• வால்யூமோடு சேர்ந்து முனகலும் கூடுகிறதா? உள்ளே பாட்டைக் கொண்டுவரும் ஒயர், அதன் எர்த் இணைப்பு, பின் சாக்கெட்டைப் பாருங்கள். கண்டன்சரை மாற்றினால் இது சரியாகாது.

• ஒரு பக்கம் மட்டும் பேஸ் இல்லாமல் தகர டப்பா மாதிரி கேட்கிறதா? இடது, வலது ஸ்பீக்கர்களை மாற்றி மாட்டிப் பாருங்கள். கோளாறு ஸ்பீக்கரோடு சேர்ந்து இடம் மாறினால் ஸ்பீக்கர்தான் காரணம். அதே பக்கத்திலேயே இருந்தால் ஆம்ப்ளிபையரின் அவுட்புட் கண்டன்சர்.

• வால்யூமைத் திருகும்போது 'கரகர' சத்தமா? பெரும்பாலும் தூசி. சுத்தம் செய்தும் திரும்பத் திரும்ப வந்தால், பக்கத்தில் உள்ள சின்ன கண்டன்சர் மின்சாரத்தைக் கசிய விடுகிறது என்று அர்த்தம்.

• ஆன் செய்ததும் ஸ்பீக்கர் காகிதம் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு அப்படியே நிற்கிறதா? உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்பீக்கருக்குள் நேர் மின்சாரம் பாய்கிறது. விட்டால் காயில் கருகிவிடும்.

எங்கள் வீட்டு செட்டுக்கு இரண்டு நோய். மாறாத முனகல் ஒன்று. இடது பக்கம் பேஸ் இல்லாதது இன்னொன்று.

முதலில் பாதுகாப்பு

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கண்டன்சர் ஒரு தொட்டி என்றேனே, மோட்டாரை நிறுத்திய பிறகும் அதில் தண்ணீர் இருக்கும். 100 ஓம்ஸ், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து, கம்பி பிடித்த இடத்தை டேப் சுற்றிக்கொண்டு, கண்டன்சரின் இரண்டு காலிலும் சில நொடி வைத்தால் இறங்கிவிடும். பிறகு மீட்டரில் வோல்ட் பார்த்து, பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வந்ததை உறுதி செய்துகொண்டு கை வையுங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்து 'டப்'பென்று பொறி பறக்கவிடுவதைப் பல கடைகளில் பார்த்திருப்பேன். அது கண்டன்சருக்கும் கெடுதல், கண்ணுக்கும் ஆபத்து.

இன்னொன்று முக்கியம். நான் சொல்வதெல்லாம் 12-0-12 மாதிரி குறைந்த வோல்ட் டிரான்ஸ்பார்மர் வைத்த செட்டுகளுக்கு மட்டும். வால்வு ரேடியோ, வால்வு ஆம்ப்ளிபையர் என்றால் உள்ளே சில நூறு வோல்ட் இருக்கும். டிரான்ஸ்பார்மருக்குப் பதில் எஸ்.எம்.பி.எஸ். போர்டு இருந்தால், அதன் முதல் கண்டன்சரில் 325 வோல்ட் வரை நிற்கும். அவற்றை யூடியூப் பார்த்துத் திறக்க வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். சிறுவர்கள் டார்ச் மட்டும் பிடிக்கலாம்.

நான் ஏமாந்த இடம்

மூடியைத் திறந்ததும் பெரிய கண்டன்சரின் அடியைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஏதோ வழிந்து உறைந்திருந்தது. "அப்பா, ஒழுகியிருக்கு பாருங்க!" என்று கத்தினேன்.

அப்பா விரலால் தடவிப் பார்த்தார். "அது நான் போட்ட பசை பாப்பா. ஆடாம இருக்கறதுக்கு."

பலரும் ஏமாறுவது இங்கேதான். பசை காய்ந்து கெட்டியாக இருக்கும், நகத்தால் சுரண்டினால் செதிலாக வரும். கசிந்த திரவம் அப்படியல்ல. எண்ணெய் மாதிரி மினுங்கும், அல்லது உப்புப் பூத்த மாதிரி படிந்திருக்கும். அடியில் போர்டின் செம்பு டிராக் பச்சை பிடித்திருக்கும். சில வகைகளில் மீன் வாடைகூட வரும். சில கண்டன்சர்கள் அடியில் கசியாமல் தலையில் உப்பும். தலையில் 'கே' அல்லது பிளஸ் வடிவில் கீறல் போட்டிருப்பதே, உள்ளே அழுத்தம் கூடினால் அந்த இடத்தில் மெல்லத் திறந்துகொள்ளத்தான். தலை தட்டையாக இல்லாமல் மேடாகத் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்ற வேண்டியதுதான்.

அப்பா டார்ச்சை ஹீட் சிங்க் பக்கம் திருப்பினார். அதன் நிழலில் நின்ற 1000 எம்.எஃப்.டி. கண்டன்சரின் கீழே பச்சைப் படலம். இடது சேனலின் அவுட்புட் கண்டன்சர். உண்மையில் ஒழுகியது அதுதான்.

பேஸ் எங்கே போனது என்பதற்கும் அதிலேயே விடை இருந்தது. 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 1000 எம்.எஃப்.டி. இருந்தால் சுமார் 40 ஹெர்ட்ஸ் வரை கீழ்ஸ்தாயிச் சத்தம் போகும். அது 200-ஆகச் சுருங்கினால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே தேய ஆரம்பித்துவிடும். தவில் இருக்கும், அதன் அதிர்வு இருக்காது.

மீட்டர் சொல்லும் உண்மை

கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த பெரிய கண்டன்சர் நல்லதா? மீட்டரில்தான் தெரியும். போர்டில் இருக்கும்போதே அளந்தால் பக்கத்துச் சாமான்களும் சேர்ந்து தப்புக் கணக்குக் காட்டும். ஒரு காலையாவது கழற்றிவிட்டு அளக்க வேண்டும். விலை குறைந்த சில டிஜிட்டல் மீட்டர்களில் 200 எம்.எஃப்.டி. வரைதான் அளக்க முடியும், வாங்கும்போது கவனியுங்கள்.

4700 என்று எழுதியிருந்த இடத்தில் எனக்கு வந்தது 1100 சொச்சம். எலெக்ட்ரோலைட்டிக்கில் 20 சதவிகிதம் கூடக் குறைய இருப்பது சகஜம். 3,760 வந்திருந்தால்கூட விட்டிருக்கலாம். இது ஒரு சொட்டுகூட ஒழுகாமல் உள்ளுக்குள்ளேயே உலர்ந்துபோனது. முனகலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

அப்பா தன்னுடைய பழைய முள் மீட்டரை எடுத்து வந்தார். ஓம்ஸில் வைத்து, கழற்றி மின்சாரம் இறக்கிய கண்டன்சரின் கால்களைத் தொட்டால், முள் சட்டென்று ஏறி, மெல்ல இறங்கிப் பழைய இடத்துக்கு வர வேண்டும். ஏறவே இல்லையென்றால் உள்ளே உலர்ந்துவிட்டது. ஏறியது இறங்கவே இல்லையென்றால் ஷார்ட். பாதியில் நின்றுவிட்டால் மின்சாரம் கசிகிறது. மெக்கானிக்குகள் 'லீக்' என்று சொல்லும்போது பல நேரம் இதைத்தான் சொல்கிறார்கள். வெளியே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் இப்படி லீக் ஆகும். முள் மீட்டரில் ஓம்ஸ் வைக்கும்போது கறுப்பு ஒயரில்தான் பிளஸ் வரும். அதனால் கறுப்பை கண்டன்சரின் பிளஸ் காலில் வையுங்கள்.

வாங்கும்போது...

சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. மற்ற ஊர்களிலும் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடை நிச்சயம் ஒன்றிரண்டு இருக்கும். நான் எங்கள் ஊர்க் கடையில் 4700 எம்.எஃப்.டி. கேட்டேன். 16 வோல்ட், 25 வோல்ட் இரண்டையும் எடுத்துப்போட்டார். 16 வோல்ட் ஒல்லியாக இருந்தது, பழைய இடத்தில் அழகாக உட்காரும். டிரான்ஸ்பார்மரே 12 வோல்ட்தானே, 16 தாராளம் என்று வாங்கி வந்துவிட்டேன்.

சால்டரிங் அயனைச் சூடாக்கி, கண்டன்சரைக் கையில் எடுத்ததும் அப்பா கேட்டார். "எத்தனை வோல்ட்?"

"பதினாறு."

"அயனை ஆஃப் பண்ணு."

டிரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கும் 12, ஏ.சி. அளவு. டயோடைத் தாண்டி கண்டன்சரில் சேர்வது அதன் உச்சம். அதாவது 1.4 மடங்கு, சுமார் 17 வோல்ட். டயோடு கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும் 16-ஐத் தாண்டும். பாட்டு ஓடாத நேரத்திலும், லைனில் வோல்டேஜ் கூடும் ராத்திரி நேரத்திலும் இன்னும் ஏறும். 16 வோல்ட் போட்டிருந்தால் அன்று பாடியிருக்கும். சில மாதத்தில் உப்பியிருக்கும். திரும்ப 25 வோல்ட் வாங்கி வந்தேன்.

வாங்கும்போது மனதில் வைக்க வேண்டியவை:

• வோல்ட்: பழையதற்குச் சமம் அல்லது அதிகம். குறையவே கூடாது.

• எம்.எஃப்.டி.: அதே அளவு. ஃபில்டரில் கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. மூன்று நாலு மடங்கு போட்டால், ஆன் செய்யும் நொடியில் டயோடுக்குப் பாரம்.

• சூடு: 105°C கேட்டு வாங்குங்கள். ஹீட் சிங்க் பக்கத்தில் நிற்பதற்கு இது கட்டாயம்.

• பெரிய உறைக்குள் சின்ன கண்டன்சரை வைத்து விற்கும் போலிகள் உண்டு. சைஸுக்கு ஏற்ற எடை இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். போர்டில் போடும் முன் ஒருமுறை மீட்டரில் அளந்துவிடுங்கள்.

• ஒரு சேனலில் போயிருந்தால் இரண்டு சேனலிலும் மாற்றுங்கள். இரண்டுக்கும் ஒரே வயதுதானே!

மாற்றும் முறை

கழற்றும் முன் மொபைலில் இரண்டு மூன்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் கோடு இருந்தது என்பதுதான் இந்த வேலையின் உயிர். கண்டன்சரின் உடம்பில் கோடு போட்ட பக்கம் மைனஸ். புதியதில் நீளமான கால் பிளஸ். மாற்றிப் போட்டால் உள்ளே வாயு உண்டாகி 'டமார்' என்று வெடிக்கும். குப்பி தனியே பறந்து கண்ணில் படலாம்.

பழைய ஈயத்தை உருக்கி, உறிஞ்சும் பம்பால் எடுத்துவிட்டு, காலை மெதுவாக இழுங்கள். முரட்டுத்தனமாக இழுத்தால் செம்பு டிராக் பெயர்ந்து வந்துவிடும். கசிந்த இடத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் வைத்து நன்றாகத் தேயுங்கள். துடைக்காமல் விட்டால் அந்தத் திரவம் டிராக்கைத் தின்றுகொண்டே இருக்கும். எங்கள் போர்டில் ஒரு டிராக் ஏற்கெனவே அறுந்திருந்தது. மேலே ஒரு துண்டு ஒயரை வைத்துப் பற்றவைத்தோம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்து சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு.

முதல் தடவை ஆன் செய்யும்போது நேராக பிளக்கில் சொருகாதீர்கள். மெக்கானிக் கடைகளில் சீரியஸ் லைட் போர்டு என்று ஒன்று வைத்திருப்பார்கள். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு வழியாகத்தான் செட்டுக்குக் கரன்ட் போகும். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் எல்லாம் சரி. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்; உடனே நிறுத்திவிடலாம். இந்த போர்டை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். ஆன் செய்யும் அந்தக் கணம் பெட்டிக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் பல்பு மின்னியது, மங்கியது. மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தால் மட்டும் லேசாக ஒரு மூச்சு மாதிரி வந்தது. பாட்டைப் போட்டதும் இடது பக்கமும் தவில் அதிர்ந்தது.

மூடியை எடுத்து மூடப் போனபோது அப்பா தடுத்தார். மூடியின் உட்புறம் அவர் கையெழுத்தில் '1997' என்றும், கீழே ஒவ்வொரு கண்டன்சரின் அளவும் மங்கலாக எழுதியிருந்தது. மார்க்கரை என்னிடம் நீட்டினார். "இன்னிக்குத் தேதியும், போட்ட வோல்ட்டும் எழுது. அடுத்து தொறக்கறவங்களுக்கு உதவும்."

எழுதினேன். 25 வோல்ட் என்பதை மட்டும் கொஞ்சம் பெரிதாக. நீங்களும் மாற்றினால் இப்படி எழுதிவையுங்கள்.

ராத்திரி பத்து மணி வரை பாட்டு ஓடியது. "முனகல் நின்னாலும் நின்னுச்சு, இப்ப சத்தம் தாங்க முடியல. குறைங்க ரெண்டு பேரும்!" என்று அம்மாவின் குரல் வந்தது.

அடுத்த வாரம்: திருகினால் 'கரகர' என்று கத்தும் வால்யூம் கன்ட்ரோலைச் சுத்தம் செய்வது எப்படி?